எக்ஸும் ஒய்யும் எந்தக் கடையில கிடைக்கும்?

மைக்ரோ எகனாமிக்ஸ் முதல் செமஸ்டர் புக்கைத் திறந்தா ஒரு கன்ஸ்யூமர் வருவாரு. அவருக்குப் பேரு கிடையாது, ஊரு கிடையாது, பொண்டாட்டி புள்ளைங்க கிடையாது, கடன் கிடையாது. கையில ஒரு வருமானம் இருக்கும், அதை வச்சு எக்ஸ், ஒய்னு ரெண்டே ரெண்டு பொருள்தான் வாங்குவாரு, அதையும் கடைசி ரூபாய் வரைக்கும் கணக்கு பாத்துதான் வாங்குவாரு. சில புக்குல கொஞ்சம் இரக்கப்பட்டு எக்ஸுக்கு ஆப்பிள், ஒய்க்கு ஆரஞ்சுன்னு பேரு வச்சிருப்பாங்க. ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து காலேஜுக்கு வந்தவனுக்கு ஆப்பிளும் எக்ஸும் ஒண்ணுதான். வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்தாதான் ஆப்பிள்.

இந்த சப்ஜெக்ட் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, சொல்லப்போனா பி.ஏ.ல படிச்சதுல இன்னிக்கும் தினமும் மண்டைக்குள்ள ஓடறது இந்த ஒரு பேப்பர்தான். என் வருத்தம் வேற. இதுல இருக்கற ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலயும் ஒரு ஆளு, ஒரு ஊரு, ஒரு தலைவலி இருந்திருக்கு. புக்கு என்ன பண்ணுதுன்னா தலைவலியை எடுத்துட்டு மாத்திரையை மட்டும் நீட்டுது, எதுக்குன்னே தெரியாம நாமளும் முழுங்கிட்டு பரீட்சைல போய் கக்கிட்டு வர்றோம். பென்சிலை நல்லா சீவி, ஸ்கேல் வச்சு, புள்ளிக்கோடு போட்டு, லேபிள் பண்ணா பத்துக்கு ஏழு உறுதி.

நாங்க சேர்ந்தது 2019 ஜூன். சென்னைக்குத் தண்ணி குடுக்கற ஏரியெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடந்த வருஷம். ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. கம்பெனிங்க சில பேரு தண்ணி இல்லன்னு ஆளுங்களை வீட்ல இருந்தே வேலை பாக்கச் சொன்னாங்க, கொரோனாவுக்கு முன்னாடியே வொர்க் ஃப்ரம் ஹோம் நம்ம ஊருக்கு வந்துது அப்படித்தான். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து அம்பது வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியோட ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்துச்சு, மாலை போட்டு வரவேற்பு வேற. ஹாஸ்டல்ல லாரி எப்ப வரும்னு மொட்டைமாடில நின்னு பாத்துட்டு, பாதி குளியல் குளிச்சுட்டு கிளாசுக்கு ஓடுவோம், அங்க மேடம் போர்டுல எழுதுவாங்க: முதல் ஆப்பிள் 10 யூட்டில் (திருப்தியை அளக்கறதுக்கு வச்ச ஒரு கற்பனை அலகு), ரெண்டாவது ஆப்பிள் 8 யூட்டில், மூணாவது 6. குறைந்து செல் விளிம்புநிலைப் பயன்பாட்டு விதி, அதாவது ஒவ்வொண்ணா சேரச் சேர அடுத்ததுல கிடைக்கற திருப்தி குறைஞ்சுட்டே போகும்.

அதே கிளாஸ்லதான் தண்ணி வைரம் புதிரும் வந்துச்சு. ஆடம் ஸ்மித் 1776ல கேட்ட கேள்வி: தண்ணி இல்லாம உயிரே இல்ல, அது கிட்டத்தட்ட சும்மா கிடைக்குது, வைரத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுக்கு ஏன் இந்த விலை? இதுக்கு ஒழுங்கான பதில் வர கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. 1871ல இங்கிலாந்துல ஜெவன்ஸ், அதே வருஷம் வியன்னால மெங்கர், 1874ல வால்ரா, மூணு பேரும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க: விலை மொத்தத் தண்ணியோட உபயோகத்தைப் பாக்கறதில்ல, கடைசி பக்கெட்டோட உபயோகத்தைத்தான் பாக்குது. முதல் குடம் குடிக்க, அடுத்தது சோறு வடிக்க, அப்புறம் குளிக்க, அப்புறம் துணி, கடைசியா பைக் கழுவ. சாதாரண வருஷத்துல நாம காசு குடுக்கறது அந்த பைக் கழுவற பக்கெட்டோட மதிப்புக்கு. 2019ல பைக்கும் போச்சு துணியும் போச்சு, கடைசி பக்கெட்டுங்கறது குளிக்கற பக்கெட்லயும் சோறு வடிக்கற குடத்துலயும் வந்து நின்னுச்சு, தனியார் லாரிக்காரங்க கேட்ட விலைக்கு ஜனங்க குடுத்தாங்க. ஜன்னலுக்கு வெளிய பாடம் நடந்துட்டு இருக்கு, உள்ள நாங்க ஆப்பிள் எண்ணிட்டு இருந்தோம்.

இன்னொண்ணும் அந்த வருஷம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. டிமாண்ட்ங்கறதுக்கு புக்குல ஆசையும் இருக்கணும், வாங்கற சக்தியும் இருக்கணும்னு ஒரு வரி வரும், எல்லாரும் மனப்பாடமா ஒப்பிப்போம். அந்த ரெண்டாவது பாதி எவ்வளவு கொடூரமான வரின்னு தெருக்குழாய்ல பிளாஸ்டிக் குடம் வரிசைல நிக்கறதைப் பாத்தாதான் உறைக்கும். அபார்ட்மெண்ட்காரங்க லாரிக்குப் போன் போட்டா அது டிமாண்ட். வரிசைல நிக்கற அம்மாவோட தாகம் கிராஃப்லயே வராது.

சரி, கிராஃப். ப்ளஸ் டூல மேத்ஸ் படிச்சுட்டு வந்தவங்களுக்கு முதல் மாசம் ஒரு குழப்பம் கண்டிப்பா இருக்கும். விலை மாறினா வாங்கற அளவு மாறும், அப்ப விலைதானே படுக்கை அச்சுல வரணும், இவங்க ஏன் நட்டக்குத்தலா நிக்க வைக்கறாங்க? எங்க கிளாஸ்ல ஒருத்தன் எழுந்து கேட்டான், "அது அப்படித்தான் போடணும், உக்காரு"ன்னு பதில் வந்துச்சு. காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. 1838லயே கூர்னோ டிமாண்ட் கோடு போட்டப்போ விலையைக் கீழதான் வச்சாரு, அதாவது அவன் கேட்ட மாதிரியேதான். 1890ல கேம்பிரிட்ஜ்ல மார்ஷல் புக்கு எழுதினப்போ அவர் யோசனை வேற மாதிரி போச்சு: இவ்வளவு சரக்கு சந்தைக்கு வந்துடுச்சு, இதை முழுசா விக்கணும்னா என்ன விலை வைக்கணும்? அப்படி யோசிச்சா அளவு கீழ, விலை பக்கவாட்டுல. மார்ஷல் புக்கு அத்தனை வருஷம் ஓடுச்சு, பழக்கம் ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான் கதை. மண்டில வேலை பாக்கற எங்க மாமாகிட்ட சொன்னா மார்ஷல் பக்கம்தான் நிப்பாரு, ஏன்னா அவருக்கு முதல்ல தெரியறது எத்தனை பெட்டி இறங்கிருக்குங்கறதுதான், விலை அதுக்கப்புறம்தான்.

எலாஸ்டிசிட்டில, அதாவது விலை மாறினா வாங்கற அளவு எவ்வளவு மாறும்ங்கற கணக்குல, ஃபார்முலாதான் நிறைய, உப்பு விலை ஏறினா உப்பு கம்மியா போட மாட்டோம்ங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி முடிஞ்சுது. அதைத் தாண்டிடறேன்.

இன்டிஃபரன்ஸ் கர்வ், அதாவது ஒரே அளவு திருப்தி தர்ற எக்ஸ், ஒய் கலவையை எல்லாம் சேக்கற கோடு, வந்தப்பதான் பாதி கிளாஸ் மனசளவுல கேன்டீனுக்குப் போயிடுச்சு. எட்ஜ்வர்த் 1881ல கிளப்பிவிட்டு, 1934ல ஹிக்ஸும் ஆலனும் உருட்டித் திரட்டி இப்ப நாம படிக்கற வடிவத்துக்குக் கொண்டு வந்த சமாச்சாரம். யூட்டில்னு அளக்கவே வேண்டாம், எது புடிக்கும், எது அதைவிட புடிக்கும்னு வரிசை சொன்னா போதும். யோசிச்சா அழகான ஐடியா. ஆனா எக்ஸ், ஒய்க்கு நடுவுல வளைஞ்சு கெடக்கற கோட்டைப் பாத்து யாருக்கு என்ன தோணும்?

எனக்கு இது திறந்துகிட்டது ரேஷன் கார்டுலதான். தமிழ்நாட்டுல ரேஷன் அரிசி 2008ல கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துச்சு, 2011 ஜூன்ல இருந்து இலவசம். கார்டுக்கு 20 கிலோன்னு வச்சுக்குவோம். கீழ அச்சுல அரிசி, மேல அச்சுல மத்த எல்லா செலவும். இலவச அரிசி இல்லாட்டி பட்ஜெட் லைன், அதாவது கையில இருக்கற காசுக்கு எது எவ்வளவு வாங்கலாம்னு காட்டற கோடு, நேரா சரிஞ்சு இறங்கும். இலவசம் வந்தா? முதல் 20 கிலோவுக்கு ஒரு பைசா செலவு இல்ல, அதனால கோடு மேல இருந்து படுக்கையாவே 20 வரைக்கும் போகும், அங்க ஒரு முட்டி மடங்கும், அதுக்கப்புறம் கடை விலைப்படி சரியும். இந்த முட்டிதான் எல்லாமே. மாசம் நாப்பது கிலோ பொங்கற பெரிய குடும்பத்துக்கு இந்த 20 கிலோவும் அதுக்கான காசும் ஒண்ணுதான், எப்படியும் அரிசி வாங்கத்தான் போறாங்க. பத்து கிலோ கூட பொங்காத வீட்டுக்கு அப்படி இல்ல, அவங்க அந்த முட்டிலயே மாட்டிக்குவாங்க, மிச்ச அரிசிக்குப் பதிலா காசா குடுத்திருந்தா வேற எதாவது வாங்கியிருப்பாங்க.

இங்க வரைக்கும் புக்கு. ஆனா எங்க தெருவுல எந்த வீடும் முட்டில மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கல. ரேஷன் அரிசியை இட்லிக்கு ஊறப்போடுவாங்க, கோழிக்குப் போடுவாங்க, மிச்சத்தை சைக்கிள்ல வர்ற ஆளுகிட்ட ஒரு விலைக்குத் தள்ளிவிடுவாங்க. அந்த ஆளு குடுக்கற விலை கடை விலையை விட ரொம்பக் கம்மி, அதனால முட்டில இருந்து பின்பக்கமா இன்னொரு கோடு கிளம்பும், சரிவு கம்மியான கோடு. பேப்பர்ல 'ரேஷன் அரிசி கடத்தல், கேரளாவுக்குப் போன லாரி பிடிபட்டது'ன்னு வர்ற செய்தியெல்லாம் அந்தக் கோட்டு மேலதான் நடக்குது. இதை நோட்டுல வரைஞ்சு பாத்த அன்னிக்குத்தான், அட இது நம்ம சமாச்சாரம்டான்னு ஒரு சந்தோஷம்.

அப்புறம் தியரி ஒரு முடிவு சொல்லும்: பொருளா குடுக்கறதை விட அதே மதிப்புக்குக் காசா குடுக்கறது எப்பவும் குறைஞ்சபட்சம் அதே அளவு நல்லது, சில பேருக்கு அதைவிட நல்லது. கோடு போட்டு நிரூபிச்சுடலாம், ஓட்டையே இல்லாத நிரூபணம். நம்ம பக்கத்து வீடு புதுச்சேரில 2015 செப்டம்பர்ல நிஜமாவே இதைப் பண்ணாங்க, அரிசிக்குப் பதிலா பேங்க் அக்கவுண்ட்ல காசு. அதுக்கப்புறம் நடந்த அரசியல் சண்டை எல்லாருக்கும் தெரியும், ரேஷன் கடை வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்துச்சு, அரிசியே குடுங்கன்னு போராட்டம், 2024ல மறுபடியும் கடையைத் திறந்து அரிசி போட ஆரம்பிச்சாங்க.

அப்ப தியரி தப்பா? நான் அம்மாகிட்ட கேட்டேன், 20 கிலோ அரிசிக்குப் பதிலா காசு குடுத்தா வாங்கிப்பியாமான்னு. "காசா குடுத்தா அது சாயங்காலம் எந்தக் கடைக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான் சொன்னாங்க, அப்பா அந்தப் பக்கம் பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு, பக்கத்தைத் திருப்பக்கூட இல்ல. புக்குல வர்ற கன்ஸ்யூமர் ஒத்தை ஆளு, வீட்டுக்குள்ள யார் கையில காசுங்கற கேள்வியே அவருக்கு வராது. புக்குப்படி அரிசி விலை ஏறாது, காசு ஒண்ணாந்தேதி டான்னு வந்துடும், பேங்க் பக்கத்துலயே இருக்கும். இதுல ஒவ்வொண்ணையும் ஒரு குச்சி மாதிரி உருவி எடுத்துப் பாக்கறதுதான் இந்தப் பாடத்துலயே பெரிய சுவாரசியம், தியரி தர்ற பதிலை விட அது எதை எல்லாம் அனுமானம் பண்ணிக்கிட்டு வந்துதுங்கற லிஸ்ட்தான் எனக்குப் புடிச்சது. பத்து மார்க் கேள்வில அந்த லிஸ்டுக்கு அரை மார்க்.

கிஃபன் பொருள் பத்தி மட்டும் ஒரு சின்ன புலம்பல். விலை ஏறினா அதிகமா வாங்கற பொருள், உதாரணம் அயர்லாந்து பஞ்சத்துல உருளைக்கிழங்குன்னு நோட்ஸ்ல இன்னமும் இருக்கு. அந்தப் பஞ்சமே உருளைச் செடிக்கு நோய் வந்து கிழங்கே இல்லாம போனதால வந்தது. இல்லாத கிழங்கை ஜனங்க எப்படி அதிகமா வாங்கித் தின்னிருப்பாங்க? உருப்படியான ஆதாரம் வேணும்னா ஜென்சனும் மில்லரும் சீனால ஹுனான் மாகாணத்துல ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மானியம் குடுத்துப் பாத்த ஆராய்ச்சி இருக்கு, 2008ல வெளிவந்தது. அரிசி விலை குறைஞ்சதும் அவங்க அரிசியைக் குறைச்சுக்கிட்டாங்க. இவ்வளவு கிட்டத்துல, அரிசி திங்கற ஊருல இருந்து உதாரணம் இருக்கும்போது நமக்கு எதுக்கு உருளைக்கிழங்கு?

காஸ்ட் தியரி யூனிட் வறட்சி. ஏ.சி. (சராசரிச் செலவு), எம்.சி. (இன்னும் ஒண்ணு உற்பத்தி பண்ண ஆகற கூடுதல் செலவு), ஏ.வி.சி. (சராசரி மாறும் செலவு), எல்லாம் ஆங்கில யு மாதிரி வளையும், எம்.சி. மத்த ரெண்டையும் அடிப்பாகத்துல வெட்டணும், வெட்டலைன்னா மார்க்கை வெட்டுவாங்க. இதுல எனக்கு ஆறுதலா இருந்தது ஜேக்கப் வைனர் கதை. சிக்காகோ பேராசிரியர், பெரிய ஆளு. 1931ல ஒரு கட்டுரைக்குப் படம் வரையணும், நீண்டகாலச் சராசரிச் செலவுக் கோடு எல்லாக் குறுகியகாலக் கோட்டோட அடிமட்டப் புள்ளியையும் தொட்டுப் போகணும், ஆனா எங்கயும் அதுக்கு மேல போகக்கூடாதுன்னு தன்னோட டிராஃப்ட்ஸ்மேன் வோங்கிட்ட சொல்றாரு. வோங் கணக்குப் படிச்ச மனுஷன், அப்படி ஒரு கோடு போடவே முடியாதுங்கறாரு. வைனர் கேக்கல, தப்பாவே அச்சாகிடுச்சு, வோங் சொன்னதையும் அடிக்குறிப்புல போட்டிருக்காரு. பல வருஷம் கழிச்சு மறுபதிப்பு வந்தப்பவும் திருத்தாம விட்டாரு, வருங்காலத்துல வாத்தியாருங்களும் ஸ்டூடண்ட்ஸும் என் தப்பைக் கண்டுபிடிச்சு சந்தோஷப்படட்டுமேன்னு. இந்தக் கதையை கிளாஸ்ல யாராவது சொல்லியிருந்தா அந்தப் படம் ஒரே தடவைல மனசுல ஒட்டியிருக்கும், செமஸ்டர் முடிஞ்சு எங்கயோ படிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

ஆனா அதே வறண்ட யூனிட்லதான் ஒரு தங்கம் இருக்கு. ஷட்டவுன் பாயிண்ட். விலை சராசரி மாறும் செலவுக்கு, அதாவது உற்பத்தி பண்ணா மட்டும் ஆகற செலவோட சராசரிக்கு, கீழ போனா நிறுவனம் உற்பத்தியை நிறுத்தும். நிறுவனம்னு சொன்னதும் எல்லாரும் புகைபோக்கி வச்ச ஃபேக்டரியை நினைச்சுக்கறோம். எங்க பக்கம் தக்காளி மண்டிக்கு 14 கிலோ பெட்டில வரும். பெட்டி வண்டியை விட்டு இறங்கற முன்னாடியே சுத்தி ஆளு நிப்பாங்க, மூடியைத் தூக்கி மேல ஒரு பழம், கைவிட்டு அடில இருந்து ஒரு பழம் எடுத்துப் பாப்பாங்க, மேல சிவப்பா அடுக்கி அடில காயா போடற வேலை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஏலம். வந்த காசுல கமிஷன் போகணும், ஏத்துகூலி இறக்குகூலி போகணும், வண்டி வாடகை போகணும், முக்கியமா பறிப்புக்கூலி போகணும். பெட்டிக்கு இதெல்லாம் சேத்து எழுபது ரூபாய் ஆகுதுன்னு ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம், மண்டில பெட்டி அம்பதுக்குப் போகுது. பறிச்சா பெட்டிக்கு இருபது ரூபாய் கைநட்டம். அப்பதான் ஆடு மாட்டைத் தோட்டத்துக்குள்ள திருப்பிவிடுவாங்க, இல்ல பறிச்சது ரோட்டோரம் கொட்டிக் கெடக்கும். டி.வி.ல அதைக் காட்டி விவசாயி விரக்தின்னு போடுவாங்க. விரக்தி உண்டுதான், ஆனா அது கணக்குப் போடாத கோவம் இல்ல. நாத்துக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் போட்ட காசு போனது போனதுதான், அதை நினைச்சு இன்னிக்குப் பறிச்சா இன்னும் நட்டம். ஏ.வி.சி. கோடு போடத் தெரியாத மனுஷன் அந்தப் புள்ளில சரியா நிறுத்தறாரு.

பெட்டி அம்பதுக்குப் போனா அடுத்த போகம் பாதிப் பேரு தக்காளி வைக்க மாட்டாங்க. ரெண்டு மூணு மாசத்துல வரத்து குறையும், விலை ஏறும், உடனே எல்லாரும் ஓடிப்போய் நாத்து வாங்குவாங்க, மறுபடி குவியும். கால்டோர் 1934ல இதுக்கு சிலந்திவலைன்னு பேரு வச்சாரு, படத்துல கோடு சுத்திச் சுத்தி அப்படித்தான் தெரியும். 2023 ஜூலைல தக்காளி கிலோ நூறைத் தாண்டி எகிறினப்போ தமிழ்நாடு அரசு ரேஷன் கடைல கிலோ 60 ரூபாய்க்குப் போட்டது ஞாபகம் இருக்கும். அந்த மாசம் மாமாகிட்ட சிலந்திவலை படம் வரைஞ்சு காட்டி, விலை ஏறும்போது வைக்காதீங்க, இறங்கிக் கெடக்கும்போது வைங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க மாமான்னேன். "சொல்லலாம் மாப்ள, விலை இறங்கிக் கெடக்கும்போது நாத்து வாங்கக் காசை யாரு குடுப்பா, நீ குடுப்பியா?" கால்டோர் படத்துல கடன் வாங்கற அச்சு இல்ல.

விலை உச்சவரம்புக்கு புக்குல நியூயார்க் வீட்டு வாடகைதான் உதாரணம். நம்ம ஊருல பத்து வயசுப் பையனுக்குத் தெரிஞ்ச உதாரணம் சினிமா டிக்கெட். தமிழ்நாட்டுல டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு, சென்னை மல்டிபிளக்ஸ்ல ரொம்ப வருஷம் 120 ரூபாயா இருந்து 2017 அக்டோபர்ல வரி தனியா 150ன்னு ஆச்சு. பெரிய நடிகர் படம், முதல் நாள் முதல் ஷோ, அந்த விலைக்குப் படம் பாக்க நினைக்கறவங்க சீட்டை விட எத்தனையோ மடங்கு. விலை ஏற முடியாதுன்னா வேற ஏதாவது ஏறித்தான் ஆகணும்: வரிசை ஏறும், சிபாரிசு ஏறும், பிளாக்ல விலை ஏறும், பாப்கார்ன் ஏறும், பார்க்கிங் ஏறும். உச்சவரம்பு போட்டதே தப்புன்னு நான் சொல்ல வரல, போடலைன்னா என்னை மாதிரி ஆளு ரெண்டாவது வாரம்தான் படம் பாத்திருப்பேன். ஆனா தட்டுப்பாடுங்கற அந்த இடைவெளியை ஸ்கேல்ல அளந்து எழுதறதை விட, அந்த இடைவெளில யாரு புகுந்து சம்பாதிக்கறாங்கன்னு கேட்டாதான் பாடம் சூடு பிடிக்கும்.

ஒரே பொருளுக்கு ஒரே விலைங்கற விதிக்கும் கிட்டத்துலயே ஒரு அருமையான கதை இருக்கு. 1997 ஜனவரி 14, நம்மூர்ல பொங்கல். கேரளால வடகரை கடற்கரைல பதினொரு மீனவங்க மத்தி மீனோட வந்து நிக்கறாங்க, வாங்க ஒரு ஆளு இல்ல. பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருக்கற பக்கத்து ரெண்டு சந்தைல 27 பேரு மீன் வரலியேன்னு வெறுங்கையோட கிளம்பத் தயாராகறாங்க. இவங்களுக்கு அவங்களைத் தெரியாது, இவ்வளவுதான் பிரச்சினை. மீனைக் கடல்லயே கொட்ட வேண்டியதுதான். அதே 97ல இருந்து 2001க்குள்ள அந்தக் கரையெல்லாம் செல்போன் டவர் வந்துச்சு, கடல்ல இருந்தே போன் போட்டு எந்தக் கரைல என்ன விலைன்னு கேட்டுட்டு படகைத் திருப்புனாங்க. ராபர்ட் ஜென்சன் இதை அளந்து 2007ல எழுதினாரு: ஊருக்கு ஊரு இருந்த விலை வித்தியாசம் சுருங்கிடுச்சு, வீணாப் போறது நின்னுச்சு, மீனவங்க லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறுச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது. விக்கறவனும் ஜெயிச்சு வாங்கறவனும் ஜெயிச்ச கதை. முழுமையான தகவல்னு பெர்ஃபெக்ட் காம்பெடிஷனுக்கு (யாரும் தனியா விலையை மாத்த முடியாத சந்தைக்கு) என்னென்ன வேணும்ங்கற லிஸ்ட்ல நாலாவதோ அஞ்சாவதோ பாயிண்டா எழுதிட்டுப் போவோமே, அதோட விலை இதுதான்.

தகவல் ஒரு பக்கம் மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கறது கடைசி யூனிட், எங்களுக்கு அது நடத்தவே இல்ல, 'செல்ஃப் ஸ்டடி'ன்னு விட்டுட்டாங்க. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல எழுதின பழைய கார் கட்டுரை. ஓட்டைக் கார்னு விக்கறவனுக்குத் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது, அதனால வாங்கறவன் சராசரி விலைதான் குடுப்பான், அந்த விலைக்கு நல்ல கார் வச்சிருக்கறவன் விக்க மாட்டான், கடைசில சந்தைல ஓட்டைதான் மிஞ்சும். மூணு ஜர்னல் இதைத் திருப்பி அனுப்புச்சு, முதல் மறுப்பு வந்தப்போ அவர் இந்தியாலதான் இருந்தாரு, 1967-68ல ஒரு வருஷம் இங்க வந்திருந்தாரு. 2001ல நோபல். காரோட நிறுத்தாம அந்தக் கட்டுரைல இந்திய வீட்டுப் பொம்பளைங்க கடை அரிசில கல்லு பொறுக்கறதைப் பத்தியும் எழுதியிருக்காரு, அரிசி நிறத்துலயே அரிசி வடிவத்துலயே வேணும்னே கலந்த கல்லு. முறத்துல அரிசியைப் பரப்பி ஒரு ஓரமா ஒதுக்கி ஒதுக்கி கல்லை எடுத்துச் சுண்டற எங்க பாட்டி உலகப் புகழ் பெற்ற கட்டுரைக்குள்ள உக்காந்திருக்கு. சிலபஸ் போட்டவங்க யாருக்கும் இது கண்ணுல படலியா?

கார் வேண்டாம், மாட்டுச் சந்தைக்கு வாங்க. அகெர்லாஃப் சொன்னது பூரா அங்க நடக்கும். விக்கறவனுக்குத்தான் தெரியும் மாடு எவ்வளவு கறக்கும், உதைக்குமா, சினை நிக்குமான்னு. முந்தின நாள் சாயங்காலம் கறக்காம விட்டு மடியைப் பெருசா காட்டிக் கூட்டிட்டு வருவாங்க. வாங்கறவனும் லேசுப்பட்டவன் இல்ல, வாயைப் பொளந்து பல்லைப் பாப்பான், ரெண்டு பல்லா நாலு பல்லா, சுழி பாப்பான், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பாப்பான், அங்கயே கறந்து காட்டச் சொல்லுவான். நடுவுல தரகர், மேல துண்டு, துண்டுக்கு அடில ரெண்டு கை, விரலைப் புடிச்சு விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கறவனுக்குக் கூட என்ன விலைன்னு தெரியாது. சந்தைன்னா விலை எல்லாருக்கும் தெரியணும்னு புக்கு சொல்லுது, இங்க விலையைத்தான் முதல்ல மூடறாங்க. ஏன்னு யோசிங்க: அடுத்து வர்ற ஆளுகிட்ட இன்னும் ரெண்டு விரல் அதிகமா கேக்கலாம்ல. தரகருக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் காசு குடுக்கறோம்? மாட்டுக்கு இல்ல, அவர் அடுத்த வாரமும் அதே சந்தைக்கு வருவாருங்கற உத்தரவாதத்துக்கு.

இதெல்லாம் புது ஐடியா இல்லங்கறதுதான் கடுப்பு. மெட்ராஸ் யூனிவர்சிட்டில 1915ல எகனாமிக்ஸ் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், ஸ்டூடண்ட்ஸ் கையில ஒரு கேள்வித்தாளைக் குடுத்து கிராமங்களுக்கு அனுப்பி வச்சாரு, நிலம் யாருகிட்ட, கூலி என்ன, கடன் எவ்வளவுன்னு விசாரிச்சு எழுதிட்டு வாங்கன்னு. விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, சிவகாசி பக்கம் வடமலாபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், அன்னிய தஞ்சாவூர் ஜில்லால பாலக்குறிச்சி, செய்யாறு பக்கம் தூசி. 1918ல அது புக்கா வந்துச்சு, 1930கள்ல தாமஸ், ராமகிருஷ்ணன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதே ஊருங்களுக்கு மறுபடி போனாங்க, 1980கள்ல குகன்ங்கற ஆய்வாளர் போனாரு, இருவேல்பட்டுக்கு 2008லயும் போயிருக்காங்க. உலகத்துலயே ஒரே ஊரை இவ்வளவு காலம் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்த ஆராய்ச்சி ரொம்பக் கம்மி, அது ஆரம்பிச்சது காலேஜ் பசங்க லீவுல. நூறு வருஷம் கழிச்சு எங்களுக்குக் கிடைச்சது கிராஃப் ஷீட்டும், சீனியர்கிட்ட இருந்து கைமாறி கைமாறி எழுத்தே மங்கிப்போன ஜெராக்ஸும்.

சித்தி பொண்ணு இந்த வருஷம் அதே பேப்பர் படிக்கறா, வேற காலேஜ். அவங்க மேடம் பரவாயில்ல, இன்டர்னலுக்கு நேர்ல பாத்த ஏதாவது ஒரு மார்க்கெட் பத்தி நாலு பக்கம் எழுதிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. "அண்ணா எதைப் பத்தி எழுதட்டும்?"னு மெசேஜ் போட்டா. நான் மண்டியைச் சொன்னேன், மாமா கூட்டிட்டுப் போவாரு, பறிப்புக்கூலில இருந்து கமிஷன் வரைக்கும் கேட்டு எழுதுன்னேன். மாட்டுச் சந்தையையும் சொன்னேன். ரெண்டும் வேண்டாமாம். தியேட்டர் டிக்கெட் எடுத்திருக்கா, ஃபீல்டு வொர்க்குன்னு சித்திகிட்ட காசு வாங்கிட்டு ஃப்ரெண்ட்ஸோட படத்துக்குப் போறாளாம். இன்டர்வல்ல பாப்கார்ன் என்ன விலைன்னு குறிச்சுட்டு வான்னு மட்டும் சொல்லியிருக்கேன்.